நிற்கின்ற யந்திரத்தின் செலவு

விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிக் கரிசலை நம்பி டிராக்டர் வாங்கிய ஒரு விவசாயியின் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அந்த யந்திரம் ஓடுகின்ற நாட்களைக் காட்டிலும் நிற்கின்ற நாட்களே அதிகம் என்பது விளங்கும். ஆடி, ஆவணியில் உழவு; புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு; தை, மாசியில் மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் களத்துக்கும் கமிஷன் கடைக்கும் போய்ச் சேரும்வரை டிரெய்லர் ஓட்டம்; அத்துடன் பெரும்பாலும் சரி. கோடை மழை இரண்டு பெய்தால் கோடை உழவு ஒன்று கிடைக்கும்; பெய்யாவிட்டால், சாத்தூர்ப் பக்கமானாலும் திருச்சுழிப் பக்கமானாலும், பங்குனியிலிருந்து ஆனி முடியத் தகரக் கொட்டகைக்குள் தூசி படிந்து நிற்க வேண்டியதுதான். பிறகு ஆடி பிறந்து, நிலம் நனைந்து, சாவியைத் திருப்பினால், என்ஜின் சுழல்வதற்குப் பதிலாக 'டிக்' என்ற சப்தம் ஒன்று மட்டும் வரும். 'செல்ஃப் எடுக்கவில்லை' என்பார்கள். நாலு பேரைக் கூட்டித் தள்ள வேண்டும். அல்லது, இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே எதிர்பார்த்து, வண்டியைக் கண்மாய்க் கரைச் சரிவில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். கிராமங்களில் இப்படி மேட்டில் முகம் கவிழ்த்து நிற்கின்ற டிராக்டரைக் காண்பவர், அதன் பேட்டரியின் தேக ஸ்திதியை யாரிடமும் விசாரிக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பேட்டரியிலிருந்த சக்தி எங்கே போயிற்று என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது பிரயோஜனமானது. நடுத்தர டிராக்டர்களில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. அதன் கொள்ளளவு சுமார் 75 முதல் 90 ஆம்பியர்-மணி வரை. நம் கணக்குக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்புகிற கணத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறக்குறைய 300 ஆம்பியர் இழுக்கிறது. பார்வைக்கு இது பிரமாண்டமான தொகைதான். ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் அது நீடிப்பதில்லையாகையால், ஒரு முறை ஸ்டார்ட் செய்வதற்கு ஆகிற உண்மையான செலவு 0.4 ஆம்பியர்-மணிதான், அதையும் என்ஜின் ஓடத் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மாறாக, எந்த வேலையும் செய்யாமல் நிற்கின்ற பேட்டரி, 27 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் மாதத்துக்குச் சுமார் 5 சதவீதத்தைத் தானாகவே இழக்கிறது. உஷ்ணம் பத்து டிகிரி கூடினால் அந்த இழப்பும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. நம் கோடைக் கொட்டகையில் அது 10 சதவீதம், அதாவது மாதம் 8 ஆம்பியர்-மணி. ஒரு மாதம் சும்மா நிற்பதற்கு, இருபது முறை ஸ்டார்ட் செய்யக்கூடிய சக்தி விலையாகப் போகிறது. அந்த இருபதை ஈடுசெய்ய ஆல்டர்னேட்டரும் இல்லை.

இது பழைய டிராக்டர்களின் கணக்கு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அமலுக்கு வந்தபின், எரிபொருளைச் செலுத்துகிற வேலையையே மின்னணுச் சாதனங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. சாவியைக் கழற்றிய பிறகும் விழித்துக்கொண்டிருக்கும் இத்தகைய சாதனங்கள் 20 மில்லியாம்பியர் மட்டுமே உறிஞ்சுவதாகக் கொண்டாலும், மாதத்துக்கு 14 ஆம்பியர்-மணி ஆகிறது. இரண்டையும் கூட்டினால், மூன்று மாதத்தில் 80-இல் 66 காலி. போதாதற்கு, மின்னணு மூளை விழிக்க மின்சாரம் வேண்டுமாகையால், பேட்டரி அடியோடு இறங்கிய பிறகு இந்தப் புது வண்டிகளைச் சரிவில் உருட்டிக் கிளப்பிவிடலாம் என்று எண்ணுவதற்கில்லை. கண்மாய்க் கரை வைத்தியம் இவற்றுக்குப் பலிக்காது.

இறங்கினால் மறுபடியும் ஏற்றிக்கொண்டால் போயிற்று என்று நினைப்பது இயல்பே. அப்படி ஏற்றிவிட முடியாமற் போவதற்குரிய காரணத்தை அறிய, பேட்டரியின் உள்ளே நடக்கிற ரசாயன நாடகத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் தோய்த்து உருவாக்கிய சாதனமே, எத்தனையோ சீர்திருத்தங்களுக்குப் பின்னும், இன்று டிராக்டரின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் நிறைந்த நிலையில், ஒரு தகட்டில் சாக்லேட் நிறமுள்ள ஈய டை-ஆக்சைடும், மற்றொன்றில் பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்த சாம்பல் நிற ஈயமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியேற வெளியேற இரண்டுமே ஈய சல்பேட் என்னும் வெண்ணிறப் பொருளாக மாறுகின்றன. அமிலத்திலிருந்த கந்தகப் பகுதி தகட்டுக்குள் போய்விடுவதால் அமிலம் நீர்த்துப் போகிறது. அமிலத்தின் கனத்தை அளக்கிற ஹைட்ரோமீட்டர் காட்டுவது இதைத்தான். சார்ஜ் ஏற்றும்போது இந்த மாற்றம் அப்படியே தலைகீழாக நடந்து, சல்பேட் மறைந்து, அமிலம் மீண்டும் கனத்துவிடுகிறது.

புதிதாக உண்டான சல்பேட் மிக நுண்ணிய துகள்களாக இருப்பதால், எளிதில் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் வாரக்கணக்கில் அதை அப்படியே விட்டுவிட்டால், சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களின்மேல் படிகின்றன. பெரியவை மேலும் பெரிதாகின்றன. சர்க்கரைப் பாகு கற்கண்டாக இறுகுவது போல், தகட்டின் நுண்துளைகளெல்லாம் கெட்டிப் படிகங்களால் அடைபட்டுப் போகின்றன. ஈய சல்பேட் தன் பிறப்பிடமான ஈயத்தைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மின்சாரத்தையும் அது கடத்தாது. ஆகவே தகடு வீங்கிப் பிதுங்குவதுடன், எஞ்சியிருக்கும் நல்ல பகுதியையும் அமிலம் எட்ட முடியாமல் போகிறது. இந்த நிலைக்கு வந்துவிட்ட பேட்டரிக்கு எவ்வளவு பெரிய சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினாலும், மின்சாரம் தண்ணீரைக் கொதிக்கவிட்ட மாதிரிக் குமிழியிட வைக்குமே தவிர, படிகங்களை அசைக்காது. ஆகவே நேரத்தோடு செலுத்தப்படுகிற துளி மின்சாரத்துக்கு, காலம் கடந்து செலுத்தப்படுகிற வெள்ளத்தைவிட மதிப்பு அதிகம்.

இத்தகைய விஷயங்களை ஆராய்வதற்கென்றே ஒரு பெரிய நிலையம் நமக்கு அண்டை வீட்டில் இருப்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் நன்கொடையாகக் கொடுக்க, 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. ஈய-அமில பேட்டரி முதல் லித்தியம் பேட்டரி வரை அங்கே நடந்திருக்கிற பரிசோதனைகளின் பலன், கரிசல் காட்டு டிராக்டர் கொட்டகைக்கு இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வந்து சேர்ந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் குளிர் தேசத்துப் போதனை. பேட்டரி பராமரிப்பைப் பற்றி உலகில் வெளியாகிற கையேடுகள் பலவும், பனிக்காலத்தில் யந்திரத்தைக் கொட்டகைக்குள் பூட்டிவைக்கிற கனடா, அமெரிக்கா, ஐரோப்பா நாட்டுக் குடியானவரை உத்தேசித்து எழுதப்படுபவை. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துவிடுவதால் அது பனியில் உறைந்து பெட்டியே வெடித்துவிடலாம் என்பது அவர்களுடைய பெரிய கவலை. குளிரில் ரசாயன மாற்றங்கள் மந்தமாகிவிடுவதால், நிறையச் சார்ஜ் செய்து வைத்த பேட்டரி அங்கே மாதக்கணக்கில் அதிகம் இழக்காமல் கிடக்கும் என்கிற சௌகரியமும் அவர்களுக்கு உண்டு. நமக்கோ யந்திரம் நிற்கிற காலமே அக்கினி நட்சத்திரக் காலம். தகரக் கூரையின் கீழ் 45 டிகிரி என்பது அபூர்வமன்று. ஆகவே சுய இழப்பு அவர்களுடையதைப் போல் பல மடங்கு; தண்ணீர் வற்றுவதும் அதிகம்; தகட்டின் சட்டம் அரிக்கப்படுவதும் வேகம். அவர்களுடைய புத்தகத்தை அப்படியே பின்பற்றி, மார்கழியில் ஜாக்கிரதையாக இருந்து சித்திரையில் அசட்டையாக இருப்பவர் ஏமாந்து போவார்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பேட்டரிக் கடையில் ஆனி, ஆடி மாதங்களில் உட்கார்ந்திருந்தால் இந்த ரசாயனம் முழுவதையும் நேரிலேயே படித்துக்கொள்ளலாம். டிராக்டர்க்காரர் ஒருவர் பேட்டரியைத் தோளில் சுமந்து கொண்டுவந்து இறக்குகிறார். மேலே கரிசல் தூசி, டெர்மினலைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கிறது. கடைக்காரர் ஆறு மூடிகளையும் திருகிக் கழற்றி, ஹைட்ரோமீட்டரின் ரப்பர்க் குமிழை அமுக்கி, ஒவ்வொரு அறையாக அமிலத்தை உறிஞ்சிப் பார்க்கிறார். சார்ஜ் நிறைந்திருந்தால், கம்பெனிக்குத் தகுந்தபடி, 1.240 முதல் 1.280 வரை காட்ட வேண்டிய மிதவை, ஐந்து அறைகளில் 1.130-ஐ ஒட்டியும் ஆறாவதில் 1.070-இலும் நிற்கிறது.

"மூணு மாசமா வண்டிய எடுக்கவே இல்லையே அண்ணாச்சி, பிறகு எப்படி இறங்கும்?"

"எடுக்காததுனாலதான் அண்ணாச்சி இறங்கிருச்சு. இந்தா பாருங்க, தகடெல்லாம் வெள்ளை பூத்துக் கெடக்கு."

செல்போன் வெளிச்சத்தை அறைக்குள் பாய்ச்சிக் காட்டுகிறார்; தண்ணீர் மட்டத்துக்கு மேலே விரற்கடை அளவு தகடு வெளியே தெரிகிறது. மூன்று ஆம்பியர் வைத்து இரண்டு நாள் போட்டுப் பார்க்கலாம், ஐந்து அறைகள் எழுந்திருக்கலாம், ஆறாவது எழுந்திருக்காது, ஓர் அறை செத்தால் 12 வோல்ட் 10 வோல்ட்டாகிவிடும், அதை வைத்து டிராக்டரைக் கிளப்ப முடியாது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டு போவதில்தான் இந்த உரையாடல் பெரும்பாலும் முடிகிறது.

இதைத் தவிர்க்க முதலில் செய்யக்கூடியது ஒரு ஸ்பேனர் வேலை; காசு ஒன்றும் ஆகாது. யந்திரத்தை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதென்று தீர்மானித்த அன்றே, பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயரைக் கழற்றிவிட்டால், மின்னணுச் சாதனங்கள் உறிஞ்சுவது நின்றுவிடும். சுய இழப்பு மட்டும் எஞ்சும். கொட்டகையில் வீட்டு மின்னிணைப்பு இருப்பவர், தானாகக் குறைத்துக்கொள்கிற சிறு சார்ஜர் ஒன்றை அதில் மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது. அவருக்குச் சூரிய பகவானின் தயவு தேவையில்லை. ஆனால் காட்டுக்குள் இருக்கிற கொட்டகைகளில் பலவற்றுக்கு மின்சாரமே கிடையாது. இருந்தாலும் அது பம்புசெட்டுக்கென்று அளிக்கப்பட்ட இலவச இணைப்பு, வேறு காரியத்துக்குத் திருப்புவது விதிக்கு விரோதம். இங்கேதான் கூரைமேல் வைக்கத்தக்க, பெரிய நோட்டுப் புத்தகம் இரண்டை விரித்த அளவேயுள்ள சோலார்ப் பலகை உதவிக்கு வருகிறது.

சிலிக்கன் துண்டில் வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கிறது என்பதை உபயோகமான அளவில் செய்து காட்டியவர்கள், 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர். ஒரு துண்டு தருவது சுமார் அரை வோல்ட். பேட்டரிக்கான பலகையில் அத்தகைய 36 துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டு, 17 அல்லது 18 வோல்ட்டில் வேலை செய்கின்றன. 12 வோல்ட் பேட்டரிக்கு 18 எதற்கு என்று கேட்கலாம். பேட்டரி ஏற வேண்டுமானால் அதற்குள் 13.6-இலிருந்து 14.4 வோல்ட் வரை தள்ள வேண்டும். வயரிலும் டயோடிலும் அரை வோல்ட், ஒரு வோல்ட் போய்விடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வெயிலில் பலகையே சுட்டுப்போய், தன் சக்தியை இழக்கிறது. கம்பெனிக்காரர்கள் அச்சிடுகிற எண், பலகை 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை நடுப்பகலில் அது 65 டிகிரிக்கு ஏறுமானால், ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக விழுந்து, 17.5 என்றிருந்தது 14.4-இல் வந்து நிற்கும். போதும், ஆனால் மட்டாகத்தான் போதும். ஒரு காலத்தில், சார்ஜை மட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் தேவையில்லாமல் தானே அடங்கிக்கொள்ளும் என்று சொல்லி 30, 33 துண்டுகள் கொண்ட பலகைகளை விற்றார்கள். வெப்ப நாடுகளில் அவை பேட்டரியை நிரப்பும் யோக்கியதையற்றுப் போனதற்கு இந்த வோல்டேஜ் வீழ்ச்சியே காரணம்.

பலகையை எப்படிச் சாய்ப்பது என்பதிலும் வட தேசத்து விதி நம்மை ஏமாற்றும். தெற்கு நோக்கி நன்றாகச் சாய்த்து வை என்று அங்கே சொல்வார்கள். அவர்களுக்குச் சூரியன் எப்போதும் தெற்கே. விருதுநகர் இருப்பது வடக்கு அட்சம் ஒன்பதரை டிகிரியில். ஆகவே சித்திரை முதல் நாளையொட்டிய நண்பகலில், சூரியன் இந்த ஊரின் நேர் உச்சியில் நின்று, கொடிக்கம்பத்தின் நிழலை அதன் காலடியிலேயே அடக்கிவிடுகிறான். அதன்பின் ஆவணி நடுப்பகுதியில் மறுபடியும் உச்சிக்குத் திரும்பும்வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். டிராக்டர் சும்மா நிற்கிற காலமும் இதில் பெரும்பகுதியோடு பொருந்துகிறது. எனவே பலகையைத் தெற்கே தூக்கி நிறுத்தாமல், மழைத் தண்ணீரும் அதோடு கரிசல் தூசியும் வடிந்து போகிற அளவுக்கு, ஐந்தாறு டிகிரி சாய்வு கொடுத்துக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தாலே போதும். வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது, டிகிரிக் கணக்கில் தலையை உடைத்துக்கொள்வதைக் காட்டிலும் அதிகப் பலன் தரும்.

பலகை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? கடைக்காரர்கள் 40 வாட் பலகையைக் காட்டி, 'பெருசா இருந்தா நல்லதுதானே' என்பார்கள். நம் தேவையோ, எர்த் வயர் கழற்றப்பட்டிருந்தால் நாளொன்றுக்கு 0.27 ஆம்பியர்-மணி, கழற்றாமல் விட்டிருந்தால் 0.75. தமிழ்நாட்டில் ஒரு நாள் முழுவதும் ஏறி இறங்கி அடிக்கிற வெயிலைச் சேர்த்துச் சுருக்கினால், ஐந்து மணி நேர முழு வெயில் என்று கொள்ளலாம். 5 வாட் பலகை அதில் 1.4 ஆம்பியர்-மணி தரும். 10 வாட் பலகை ஏறக்குறைய 2.75 தரும். நிறைந்த பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்க 5 வாட் தாராளம். தூசியும் மேகமும் கழிந்தாலும் மிஞ்சும். ஏற்கெனவே பாதி இறங்கிவிட்டதை ஏற்றுவதற்கு இது உதவாது. அதற்குக் கடைச் சார்ஜ்தான்.

மிஞ்சுகிற மின்சாரம் என்ன செய்கிறது என்பதைக் கவனிக்காதவர்களே சோலாரைக் குறை கூறுகிறார்கள். நிறைந்த பேட்டரிக்குள் தொடர்ந்து செலுத்தப்படுகிற ஒவ்வோர் ஆம்பியர்-மணியும், ஒவ்வோர் அறையிலும் மூன்றிலொரு கிராம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிளக்கிறது. ஆறு அறைக்கு 2 கிராம். கன்ட்ரோலர் இல்லாத 10 வாட் பலகை, ஒரு நாளில் ஐந்தரை கிராம், ஒரு மாதத்தில் 165 கிராம், பங்குனி முதல் ஆனி வரைக்குள் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் கலந்துவிடும். தகட்டுக்கு மேல் நிற்கிற தண்ணீரோ விரற்கடை உயரந்தான். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக மாட்டிய பலகையே தகடுகளை வெளியே தெரியும்படி உலர்த்திவிட்டால், பழி சூரியனுக்கும் போகாது, பேட்டரிக் கம்பெனிக்கும் போகாது. ஆகையால் 5 வாட்டுக்கு மேற்பட்ட எதற்கும் கன்ட்ரோலர் அவசியம். 5 வாட்டுக்கும் இருப்பது உத்தமம். இரவில் பேட்டரியிலிருந்து பலகை வழியாகத் திரும்பிக் கசிகிற மின்சாரத்தையும் அது தடுத்துவிடும். கன்ட்ரோலர் வைக்காதவர் அதற்கென ஒரு டயோடாவது வைக்க வேண்டும்.

கன்ட்ரோலர் வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி, உஷ்ணத்துக்குத் தக்கபடி வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளுமா என்பது. 25 டிகிரியில் 13.6 வோல்ட் என்பது பேட்டரிக்குப் பத்திய உணவு. 45 டிகிரியில் அதே 13.6 மிகையாகிவிடும், 13.1 அளவே போதும். இதை அறிந்துகொள்ளக்கூடிய கன்ட்ரோலர்களிலும், மலிவானவை தங்களைச் சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்தையே பேட்டரியின் உஷ்ணமாகக் கொள்கின்றன. அவற்றைக் கூரைமேல் பலகையின் அடியில் தொங்கவிடாமல், நிழலில், பேட்டரியின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். முதலில் பேட்டரியையும் பிறகு பலகையையும் கன்ட்ரோலரில் இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பலகை. பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ் இருக்கட்டும். எலி கடித்த வயர் டிராக்டர் பாடியில் உரசினால், 80 ஆம்பியர்-மணிப் பேட்டரி அந்த வயரைச் சிவக்கச் சிவக்க எரித்துவிடும்.

தீப்பொறியைப் பற்றிச் சிவகாசி வட்டாரத்தாருக்கு உபதேசம் செய்வது அதிகப்பிரசங்கித்தனம். மழை குறைந்து பயிர் பொய்த்த இந்தப் பிரதேசத்திலிருந்து, 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஈரமில்லாத காற்று தீக்குச்சி உலர்வதற்கும், பின்னால் பட்டாசு மருந்து உலர்வதற்கும் வாய்ப்பாக அமைந்தது. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயிலையே மூலதனமாக்கிக்கொண்ட ஜனங்கள் இவர்கள். மருந்து அறைக்குள் இரும்புக் கருவி புழங்கக் கூடாது என்பதும், உள்ளே போகுமுன் உடம்பிலுள்ள நிலைமின்னைத் தரையில் இறக்கிவிட வேண்டும் என்பதும் வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துத் தொழிலாளிக்குத் தெரியும். ஆனால் அதே மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்து, தீக்குச்சி கிழித்துப் பேட்டரியின் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கலாம். அதில் அபாயம் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லியிராமல் இருக்கலாம். மிகையாகச் சார்ஜாகிற பேட்டரியில் ஓர் ஆம்பியர்-மணிக்கு ஆறு அறைகளிலுமாகச் சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன் பிறக்கிறது. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே பொறி பட்டு வெடிக்கும். பெட்டி சிதறினால் தெறிப்பது கந்தக அமிலம், போவது கண். ஆகையால் கொட்டகையில் காற்று புக வழி இருக்க வேண்டும். ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒரே சமயத்தில் தொடக் கூடாது. கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். பட்டாசுச் சரக்கு வைத்திருக்கிற இடத்துக்கு அருகே பேட்டரியையோ சார்ஜரையோ வைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வெயிலும் பேட்டரியும் கன்ட்ரோலரும் சேர்ந்த இந்த ஏற்பாடு நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான அந்தக் காட்டிலிருந்து இறங்குகிற காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் தடையாகப் போடப்படுகிற சூரிய மின்வேலியில் இருப்பவை இவையே: பலகை, கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி, ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை கம்பியில் துடிப்பை அனுப்புகிற பெட்டி. அரசு மானியமும் உண்டு. வேலியைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு விதிகளும் வகுத்திருக்கிறது. மின்வேலியைப் பழுது பார்க்கிற ஒருவர் டிராக்டர்க் கொட்டகைக்கு ஒரு பலகையை அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவார். ஆனால் தோப்புக்காரர்கள் செய்கிற ஒரு சிக்கனத்தை ஒப்புக்கொள்ள முடியாது: டிராக்டருக்கு ஆகாதென்று கழித்த பேட்டரியை வேலிக்கு மாட்டுவது. டிராக்டர் பேட்டரியின் மெல்லிய தகடுகள் ஒரு கணம் பெருஞ்சக்தியைக் கொட்டுவதற்காக அமைந்தவை. இரவு முழுவதும் சிறுகச் சிறுக இறங்கிப் பகலில் ஏறுகிற வேலையை அவை வெகுநாள் தாங்கா.

பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கிற முதுகுத் தெளிப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குள் இருப்பது மூடி முத்திரையிட்ட 8 அல்லது 12 ஆம்பியர்-மணிப் பேட்டரி. அமிலம் வற்றினால் ஊற்ற வழியில்லை. கடைசி மருந்தடிப்பு முடிந்த அன்று, அடித்துத் தீர்த்த நிலையிலேயே அதை அறையில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த பருவத்தில் அது ஏறுவதே இல்லை. போடுமுன் ஓர் இரவு சார்ஜ் ஏற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஏற்றி வைத்தால் போதும். இதற்குச் சோலார் கூடத் தேவையில்லை.

வாரம் ஒருமுறையாவது டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறவருக்கும் பலகை தேவையில்லை. அவருக்கு ஆல்டர்னேட்டரே போதும். பத்து நாளைக்கு ஒருமுறை கொட்டகைக்குள்ளேயே ஐந்து நிமிஷம் என்ஜினை ஓடவிடுகிற வழக்கம் சிலரிடம் உண்டு. ஸ்டார்ட் செய்த செலவை மீட்பதற்கு மேல் அதில் வரவு அதிகமில்லை, டீசல் வீண், புகை மிச்சம். பலகை யாருக்கு வேண்டுமென்றால், மூன்று நாலு மாதம் யந்திரத்தைத் தொடாதவருக்கு. கொட்டகையில் மின்சாரம் இல்லாதவருக்கு. அறுவடை யந்திரம் போல ஆண்டில் சில வாரங்களே ஓடுகிற விலையுயர்ந்த வண்டியை வைத்திருப்பவருக்கு. பலகை மாட்டியவரும் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, தகட்டுக்கு மேல் விரற்கடை அளவு நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். போர்த் தண்ணீர் கூடாது. நம்மூர்த் தண்ணீரிலுள்ள உப்புக்கள் பேட்டரிக்குள் சுய இழப்பை இன்னும் பெருக்கும்.

கடைசியில் புதுப் பேட்டரியே வாங்க நேர்ந்தாலும், நிற்கிற செலவு என்ற கணக்கு கடை அலமாரிக்கும் உண்டு என்பதை மறக்கலாகாது. அமிலம் ஊற்றப்பட்ட பேட்டரி விற்கப்படாமல் கோடை முழுவதும் கடையிலிருந்தால், அது கொட்டகையில் இருந்ததற்குச் சமானமே. பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுவிட்டு, உற்பத்தி மாதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மீட்டரை வைத்து 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.